பச்சிளங் குழந்தையின் பசியும் பெரியோர் நோன்பும்

மயிலாப்பூரில் வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றை வாசக அன்பர்கள் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டுகிறோம். பாட்டியார் அட்டமி, சதுர்த்தசி நோன்பு தவறாதவர். கதிரவன் மறைந்தபின் நாவில் நீரும் படவிடாதவர். மருமகளும் மணமாகி வந்த நாள்தொட்டு இரவுண்ணாமையை விரதமாக ஏற்றவர். கருவுற்ற ஐந்தாம் திங்களில் எடுத்த ஸ்கேன் படத்தில், வயிற்றில் இருக்க வேண்டிய இரைப்பை குழந்தையின் நெஞ்சுக்குள், இதயத்தை ஒருபுறம் தள்ளிக்கொண்டு கிடப்பது தெரிகிறது. குழந்தை பிறந்து, அறுவை முடிந்து, உயிர் தங்கிய நிலையில் அவ்வீட்டில் மூன்று கேள்விகள் எழுகின்றன. சிரை வழியே ஏற்றும் வெண்ணிறக் கொழுப்பு மருந்தில் முட்டைக் கருவின் சத்து உண்டாமே, அதை ஏற்கலாமா? இரவு முழுவதும் குழாய் வழியே பால் செலுத்தச் சொல்கிறார்களே, இரவுண்ணாமை காக்கும் குடியில் அது தகுமா? இருட்டும் வரை மருத்துவமனையில் இருந்து பாலைப் பீச்சி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பசியோடு வீடு திரும்பும் தாயின் விரதம் என்னாவது?

இக்குடும்பம் நம் கற்பனை. கேள்விகள் கற்பனையல்ல. நெறியோடு வாழ முயலும் எந்த இல்லத்திலும், இத்தகைய பிறவிக்குறை நேருமாயின், அவை எழாமல் இரா. அவற்றுக்கு விடை தேடுமுன் குறை யாதென்று அறிதல் வேண்டும்.

உதரவிதானம் என்பது நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே நிற்கும் தசைத் திரை. நாம் மூச்சை இழுக்கும்போது கீழிறங்கி, விடும்போது மேலேறுவது. கருவுக்கு எட்டு முதல் பத்து வாரம் ஆகும் காலத்தில் இத்திரை முழுமையாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் துளை ஒன்று நின்றுவிட்டால் குடலும் இரைப்பையும், சில வேளைகளில் மண்ணீரலும் கல்லீரலும்கூட, அதன் வழியே நெஞ்சறைக்குள் ஏறிவிடுகின்றன. ஏறத்தாழ 2,500 முதல் 3,500 பிறப்புகளில் ஒன்றுக்கு இக்குறை நேர்கிறது. பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இடப்புறத்தில். பின்புறத்துத் துளையை 1848இல் விவரித்த பிராகு நகரத்து உடற்கூற்று அறிஞர் பொக்டாலெக்கின் பெயராலேயே மருத்துவர்கள் அதனை இன்றும் குறிக்கின்றனர்.

துளையைத் தைத்து மூடுவது கைத்திறன் சார்ந்த செயல். உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. குடல் அமர்ந்த இடத்தில் நுரையீரல் வளர வழியின்றிச் சிறுத்துப் போகிறது. அதன் குருதிக் குழாய்கள் தடித்து இறுகுகின்றன. ஆதலால் இக்காலத்தில் பிறந்தவுடனே கத்தியை எடுப்பதில்லை. மூச்சுக்குழலில் ஒரு குழாயிட்டுக் கருவியால் சுவாசம் தந்து, இரைப்பையில் மற்றொரு குழாயிட்டுக் காற்றை வடித்து, குருதியோட்டம் நிலைப்படும் வரை காத்திருந்து, அதன் பின்னரே அறுவை செய்கின்றனர். கருவிலேயே குறையைக் கண்டறியும் மெடிஸ்கான் போன்ற நிலையம் மயிலாப்பூர் டாக்டர் நடேசன் சாலையிலேயே இருப்பதும், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, நுங்கம்பாக்கம் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை ஆகியவை கைக்கெட்டும் தொலைவில் இருப்பதும் நம் நகரத்தார்க்குக் கிடைத்த பேறு. சிற்றூர்களில் வாழும் நம் உறவினர்க்கு இவ்வளவு எளிதன்று.

நம் ஆகமங்கள், கருவில் புகும் உயிர் பெறும் நிறைவுகளைப் பரியாப்தி என்று பெயரிட்டு ஆறாக வரிசைப்படுத்துகின்றன. ஆகாரம் முதலாவது, உடம்பும் பொறிகளும் அடுத்தவை, மூச்சு நான்காவது, மொழியும் மனமும் அதன்பின். இளமையில் இவ்வரிசையை ஒப்புவித்தபோது, மூச்சுக்கு முன் உணவு ஏன் வந்தது என்று நாம் வியந்ததுண்டு. உணவின்றிச் சில நாள் இருக்கலாம். மூச்சின்றி ஒரு நாழிகை இருத்தல் இயலுமோ? மருத்துவ நூலையும் ஆகமத்தையும் ஒன்றாகக் குழைப்பது நம் நோக்கமன்று. அக்குழைப்பு இரண்டுக்கும் நன்மை செய்வதில்லை. ஆயினும் இக்குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றி அறிந்தபின் அவ்வரிசை நம் மனத்தில் வேறொரு பொருள் கொள்கிறது.

பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் நுரையீரல் முழுமையாக அமைந்திருப்பதில்லை. காற்றின் நுண்ணறைகளில் பெரும்பகுதி பிறந்த பின்னரே தோன்றுகின்றன. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் விரைவாகவும், அதன்பின் மெதுவாகவும். குறைந்த நுரையீரலோடு பிறந்த குழந்தைக்கு இதுவே பற்றுக்கோடு. அறுவை மருத்துவர் துளையை மூடித் தரலாம்; நுரையீரலை ஆக்கித் தர அவரால் இயலாது. அதைக் குழந்தையே வளர்த்துக்கொள்ள வேண்டும். வளர்ப்பதற்குப் புரதம் வேண்டும், கொழுப்பு வேண்டும், நாள்தோறும் எடை கூட வேண்டும். இன்று ஊட்டப்படும் பால் நாளைய மூச்சாகிறது என்று கூறினால் அது வெறும் அணியன்று.

நலமாகப் பிறந்த குழந்தை முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் எடை கூடும்; ஐந்தாம் மாத அளவில் பிறந்த எடை இரட்டிக்கும்; ஓராண்டில் மும்மடங்காகும். அதற்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 110 கிலோ கலோரி போதும். உதரவிதானக் குறையோடு பிறந்த குழந்தைக்கோ 120 முதல் 150 வரை வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு நாற்பது முறை மூச்சுவிட வேண்டிய நெஞ்சு அறுபது, எழுபது என்று இரைப்பதால், மூச்சிழுப்பதே அக்குழந்தைக்கு உழைப்பாகிவிடுகிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 130 வீதம் 390 கிலோ கலோரி வேண்டும். தாய்ப்பால் 100 மி.லி.யில் இருப்பது ஏறத்தாழ 67. ஆகவே நாளொன்றுக்கு 580 மி.லி.; மூன்று மணிக்கொரு முறை என எட்டு வேளையாகப் பகுத்தால் வேளைக்கு 70 மி.லி.க்கு மேல். நெஞ்சிலிருந்து கீழிறக்கி வைக்கப்பட்ட இரைப்பைக்கு அது பெருஞ்சுமை. உண்டது மீண்டும் எதுக்களித்து மேலே வருகிறது, தொண்டையைச் சுடுகிறது, சில வேளை மூச்சுக்குழலிலும் இறங்குகிறது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காக மாற்றி மாற்றிச் செய்ய இரைக்கும் குழந்தையால் முடிவதில்லை.

இதனால்தான் தாய்ப்பாலில் ஊட்டப்பொடி கலந்தும், தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் எளிதில் செரிக்கும் கொழுப்பைச் சேர்த்தும், சிறிய அளவில் மிகுந்த சத்தைப் புகுத்த முயல்கின்றனர். அதுவும் போதாதபோது மூக்கின் வழியே இரைப்பைக்குக் குழாய். பல மாதங்கள் தேவைப்படுமாயின் வயிற்றுச் சுவரின் வழியே நேராக இரைப்பைக்குக் குழாய். மேலைநாட்டு மருத்துவமனைகள் சில வெளியிட்ட கணக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு இது தேவைப்பட்டிருக்கிறது. முனிவர் உணவு கொள்வதற்கு நம் நூல்கள் கூறும் உவமைகளுள் ஒன்று, வண்டி அச்சுக்கு எண்ணெய் இடுதல். சுவைக்காக அன்று, சுமை ஊர்போய்ச் சேர்வதற்காகவே எண்ணெய். அச்சு வளைந்த வண்டிக்கு எண்ணெய் கூடுதலாக வேண்டும் என்பதை எந்த வண்டிக்காரரும் அறிவார்.

இனி முதற் கேள்வி. அறுவைக்கு முன்னும் பின்னும் சில நாள்கள், ஒரோவழி சில வாரங்கள், குடல் உணவை ஏற்காது. அதுவரை குளுக்கோசு, அமினோ அமிலம், உப்புகள், கொழுப்பு யாவும் சிரை வழியாகவே செல்ல வேண்டும். இம்முறை தோன்றிய வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டியது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஸ்டான்லி டட்ரிக் என்ற அறுவை மருத்துவர், முதலில் நாய்க்குட்டிகளைச் சிரை ஊட்டத்தால் மட்டுமே வளர்த்துக் காட்டினார். பின்னர் அவரும் அவர்தம் தோழர்களும், குடல் அமையாமல் பிறந்த குழந்தை ஒன்றை அம்முறையால் வளர்த்த அறிக்கை 1968இல் வெளிவந்தது. சிரையில் ஏற்றத்தக்க கொழுப்புப் பால்மத்தை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் விரெட்லிண்ட் உருவாக்கியிருந்தார். சோயா எண்ணெய் நீரோடு கலவாது. கலக்கச் செய்வதற்கு முட்டை மஞ்சட் கருவிலிருந்து பிரித்த ஒரு பொருள் சேர்க்கப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் பெரும்பாலான பால்மங்களில் அதுவே உள்ளது. புதியன சிலவற்றில் மீன் எண்ணெயும் சேர்கிறது. கொழுப்பையே விலக்கிவிடலாமா என்றால், சில நாள்களிலேயே குழந்தையின் உடலில் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் குறைந்துவிடும். வளரும் மூளைக்கும் அவையே அடிப்படை.

இங்கே இரண்டு எளிய ஆறுதல்கள் நம் முன் வரும். கடையில் விற்கும் முட்டை கருவுறாதது, அதில் உயிரில்லை என்பது ஒன்று. மருந்து என்ற பெயர் வந்துவிட்டால் எதுவும் தகும் என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. முட்டை கருவுறாததாயினும், அதை இடும் கோழி கம்பிக் கூண்டில் வாழ்வதையும், பயனற்றவை என்று சேவற்குஞ்சுகள் பிறந்த அன்றே கொல்லப்படுவதையும் அறிந்தவர் அதனைத் தீங்கற்ற பொருள் என்று கூறார். மேலும், மயிலையில் வாழும் நமக்கு ஒரு தனிக் கடமை உண்டு. பண்டு இம்மயிலையில் எழுந்தருளியிருந்து, கடலுக்கு அஞ்சி மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டதாக நம் மரபு கூறும் திருவுருவம் நேமிநாதருடையது. தம் திருமண விருந்துக்காகப் பட்டியில் அடைக்கப்பட்ட விலங்குகளின் கதறலைக் கேட்டுத் தேரைத் திருப்பியவர் அவர். அப்பெருமானை வணங்கும் நாம், விலங்கின் துன்பத்தைப் புட்டியின் மேலுள்ள மருந்துச் சீட்டு மறைத்துவிடும் என்று எண்ணலாகாது.

ஆனால் நேமிநாதர் திருப்பியது மணவிருந்துக்குச் செல்லும் தேரை. விருந்தினரின் நாச்சுவையும், உணவு ஏற்காத குடலோடு கிடக்கும் குழந்தையின் தேவையும் ஒரு தட்டில் வைக்கத்தக்கனவா? உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், உயிர் நிலைகளைச் சிதைத்தலை மட்டும் கூறாமல், அதற்கு முன் பிரமாதம் என்ற ஒன்றை அடிப்படையாக வைத்தார். (இன்று நாம் நல்ல சமையலைப் ‘பிரமாதம்’ என்று பாராட்டுகிறோம், ஆகம வழக்கில் அச்சொல்லுக்கு அசட்டை, விழிப்பின்மை என்று பொருள். நம் நாவில் சொற்கள் எப்படியெல்லாம் தலைகீழாகின்றன!) அந்நூலுக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வரைந்த பூஜ்யபாதர் தரும் எடுத்துக்காட்டு நமக்கு நேராகவே பொருந்துகிறது. அருளுள்ளம் கொண்ட மருத்துவர் ஒருவர், முனிவர் உடலில் எழுந்த கட்டியைக் கத்தியால் அறுக்கிறார். முனிவருக்கு வலி உண்டாகிறது. ஆயினும் புறத்தே வலி நேர்ந்தது என்பதனாலேயே மருத்துவருக்குத் தீவினை கட்டுவதில்லை.

இவ்வெடுத்துக்காட்டை நாம் நேர்மையோடு கையாள வேண்டும். பூஜ்யபாதரின் மருத்துவர் அறுத்தது நோயுற்றவரின் உடலையே. நம் கேள்வியில் நோயுற்றது குழந்தை, வருந்துவது கோழி. ஒருவர் நலத்துக்காக மற்றோர் உயிர் வருந்துமிடத்தில், எண்ணம் நல்லது என்ற ஒன்றே நம்மை முழுவதும் விடுவிக்குமா? விடுவிக்கும் என்று துணிந்து கூற நம்மால் இயலவில்லை. குழந்தைக்கு அம்மருந்தை ஏற்ற வேண்டும், அதில் ஐயமில்லை. அதன் தீங்கைக் குழந்தையின் கணக்கில் எழுதாமல் பெரியோராகிய நாமே ஏற்று, கழுவாயும் நாமே செய்துகொள்வது முறை. பாட்டியார் ஒரு சதுர்த்தசியைக் கூடுதலாக நோற்கலாம். அது அவர் உடல், அவர் விருப்பம். குழந்தையின் சிரையில் செல்வதைக் குறைத்து நம் தூய்மையைக் காத்துக்கொள்ளுதல் தகாது. அசட்டை என்று சூத்திரம் கூறுவது அங்கேதான் நுழைகிறது.

தீங்கு குறைந்த வழியைத் தேடுவதையும் விட்டுவிடலாகாது. இராட்டிரகூட மன்னர் காலத்தில் வாழ்ந்த உக்கிராதித்தர், புலாலும் கள்ளும் தேனும் கலவாத மருத்துவத்தைக் கல்யாணகாரகம் என்ற நூலாகவே இயற்றினார். நம் தமிழிலும், அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்துகளின் பெயரை இட்ட காரியாசானும் கணிமேதாவியாரும் சமணச் சான்றோரே. மருந்தும் அறமும் ஒரே உறியில் தொங்கிய காலம் அது. இன்று நாம் செய்யக்கூடியது, மருத்துவரிடம் பணிவோடு கேட்பது: சிரை ஊட்டத்தை எப்போது குறைக்கலாம்? தாய்ப்பாலை எப்போது தொடங்கலாம்? மருத்துவரும் அதையே விரும்புவார். சிரை ஊட்டம் நீளுந்தோறும் குருதியில் கிருமி நுழைவதும் கல்லீரல் கெடுவதும் அவர் அஞ்சும் இடர்கள். முதல் நாள் ஓரிரு மி.லி., மறுநாள் சற்றுக் கூடுதல் என்று தாய்ப்பால் ஏற ஏறப் புட்டி இறங்கும்.

இரண்டாவது கேள்வி இரவைப் பற்றியது. ஒரே வேளையில் 70 மி.லி. தாங்காத இரைப்பைக்கு, இரவு முழுவதும் பம்பின் வழியே துளித்துளியாகச் செலுத்தினால் எதுக்களிப்பு குறைகிறது, எடை கூடுகிறது. பல குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பும்போதே இவ்வழியை மருத்துவர் கற்றுத் தருவதுண்டு. பெரியோர் சிலர்க்கு இது மனத்தில் நெருடுகிறது. நெருடுவதை நாம் எள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்த விரதம் அது. ஆனால் ஒன்று கேட்கிறோம். நடு இரவில் அழும் குழந்தைக்குத் தாய் முலை கொடுப்பதை நம் குடிகளில் எவரேனும் எக்காலத்தேனும் தடுத்ததுண்டா? தடுத்ததில்லை. பாலைத் தொட்டிலருகே கொண்டு வருவது தாயின் மார்பாக இருந்தால் குற்றமில்லை, குழாயாக இருந்தால் குற்றம் என்பது எந்த நூலின் முடிபு? விளக்கொளியில் காணாத சிற்றுயிர்கள் உணவில் விழும் என்பதும், இரவு உணவில் வேட்கை மிகும் என்பதும் அவ்விரதத்துக்கு நம் ஆசிரியர்கள் காட்டிய காரணங்கள். மூடிய ஊசிக்குழலில் செல்லும் பாலில் எந்தப் பூச்சி விழும்? உறங்கும் குழந்தைக்கு என்ன வேட்கை?

காரணங்களை விட்டாலும் அடிப்படை ஒன்று நிற்கிறது. விரதம் என்பது அறிந்து ஏற்பது. எட்டு ஆண்டு நிரம்பாத சிறுவர்க்கு விரதம் ஏற்கும் தகுதி இல்லை என்பதே ஆகம வழக்கு. பெற்றோர் குழந்தைக்குப் புலாலும் தேனும் கொடாமல் காப்பது பெற்றோரின் ஒழுக்கம், குழந்தையின் நோன்பன்று. தாம் ஏற்காத நோன்புக்காக ஓர் உயிர் இளைக்குமாயின் அதற்கு நோன்பு என்று பெயரில்லை. பட்டினி என்றுதான் பெயர்.

இவ்விடத்தில் நம் சமுதாயம் அண்மையில் நடத்திய வழக்கு ஒன்றை நினைவுகூர்வது தகும். சல்லேகனை தற்கொலைக்கு ஒப்பானது என்று 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அந்நாளில் நாமெல்லாம் எடுத்துரைத்த வாதம் என்ன? சல்லேகனை பிறர் திணிப்பதன்று. முதிர்ந்த அறிவோடும், கலங்காத மனத்தோடும், குருவின் இசைவோடும் ஒருவர் தாமே ஏற்பது என்றோம். அவ்வாதம் உண்மையானால் அது நம்மையும் கட்டும். பேசத் தெரியாத குழந்தைக்கு உணவை நிறுத்தி, வினை கழிந்தது என்று கூற எவர்க்கும் உரிமை இல்லை. அமெரிக்காவின் புளூமிங்டன் நகரில் 1982 ஏப்ரலில், டௌன் குறையோடும் உணவுக்குழல் அடைப்போடும் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் அறுவையை மறுத்தனர். நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. உணவின்றி ஆறாம் நாள் அக்குழந்தை இறந்தது. அந்நாடே அதிர்ந்து, 1984இல் சட்டம் இயற்றியது. அங்கே வினைக் கொள்கை பேசுவார் இல்லை. வேறு சொற்களில் அதே முடிவுக்கு வந்தார்கள். ஆகவே இச்சோதனை நம் சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று.

நுரையீரல் அறவே போதாமல், எல்லா மருத்துவமும் தோற்கும் குழந்தைகளும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. நல்ல வசதியுள்ள இடங்களிலும் பத்தில் ஏழு குழந்தைகள் அளவே பிழைக்கின்றன. கருவியை எப்போது விலக்குவது என்பது மருத்துவரும் பெற்றோரும் கலந்து முடிவு செய்யும் துயரமான வேறொரு செய்தி. அப்போதும் தாயின் மடியும், உதட்டில் இரண்டு துளிப் பாலும் மறுக்கப்பட வேண்டியனவல்ல.

ஊட்டாமையைப் பற்றி இவ்வளவு கூறிய நாம், ஊட்டுதலிலும் இம்சை உண்டு என்பதைக் கூறாமல் விடலாகாது. வாரக்கணக்கில் தொண்டையில் குழாயும், கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரியும், சளி உறிஞ்சும் கருவியும் மட்டுமே கண்ட வாய், வாயருகே வரும் எதையும் வலி என்றே கற்றுக்கொள்கிறது. பின்னர்ப் பாலைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்புகிறது, குமட்டுகிறது, அலறுகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு இது பிடிவாதமாகத் தோன்றும். மடியில் கிடத்தி, கைகால்களை அமுக்கி, பாலாடையால் வாயில் ஊற்றிவிடுவார்கள். நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்களே என்பார்கள். பாலாடையில் குற்றமில்லை, நம் நாட்டு மருத்துவமனைகளின் பச்சிளங் குழந்தைப் பிரிவுகளில் இன்றும் அது பயன்படுகிறது. வலிந்து ஊற்றுவதில்தான் குற்றம். பால் மூச்சுக்குழலில் இறங்கலாம். அது தப்பினாலும், குழந்தையின் அச்சம் ஒரு மடங்கு மிகும். குழாயை எடுக்கும் நாள் ஒரு மாதம் தள்ளிப்போகும். பிறந்தவுடன் நாவில் தேன் தடவும் பழக்கமும் அவ்வாறே விலக்கத்தக்கது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் நஞ்சாகலாம் என்று மருத்துவம் கூறுகிறது. தேனை நாம் முன்னமே விலக்கியவர்கள் என்பதால் நமக்கு இதில் இழப்பில்லை.

ஆகாரம் கொள்ள வரும் முனிவர் முன் நாம் எவ்வாறு நிற்கிறோம்? இடையே ஓர் அந்தராயம் நேர்ந்து அவர் கை விலக்கிவிட்டால், இன்னும் ஒரு கவளம் என்று வற்புறுத்துகிறோமா? மனம் வருந்தினும் கும்பிட்டு விலகுகிறோம். குழந்தை முகத்தைத் திருப்புவதையும் அவ்வாறே மதிக்கலாம். குழாயில் பால் இறங்கும் நேரத்தில் உதட்டில் ஒரு துளி தாய்ப்பாலைத் தடவி, விரலையோ வெறுமுலையையோ சுவைக்கவிட்டு, வயிறு நிறைவதற்கும் வாய்க்கும் தொடர்புண்டு என்பதை மெல்ல நினைவூட்டுகிறார்கள் பயிற்சி பெற்ற செவிலியர். மாதங்கள் ஆகும். சில குழந்தைகளுக்கு ஆண்டுகளும் ஆகும். அதற்கிடையில் வீட்டுக்கு வரும் உறவினர், குழந்தை ஏன் இப்படி மெலிந்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார் என்று தாயின் காதில் விழச் சொல்லும் சொல் இருக்கிறதே, அதை எந்த அளவுகோலால் அளப்பது? இன்னா செய்யாமையில் சொல்லும் அடங்கும். எடையை அளக்க உலக நலவாழ்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட வரைபடம் உண்டு. உறவினர் கண் தேவையில்லை.

மூன்றாம் கேள்வியே நமக்கு மிகக் கடினமானது. ஏனெனில் இங்கே விரதம் குழந்தையினுடையதன்று, தாயினுடையது. அறிந்து, மனமுவந்து ஏற்றது. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. குழந்தை மார்பில் வாய் வைக்க முடியாத நிலையில், பால் வற்றாதிருக்க நாளொன்றுக்கு எட்டு முறை பீச்சி எடுக்க வேண்டும். அவற்றுள் ஒன்றிரண்டு நள்ளிரவில். பால் சுரக்கப் பூண்டு வேண்டும் என்று அண்டை வீட்டார் கூறுவர். நம்மவர் பூண்டு உண்பதில்லையே என்று கவலை கொள்ள வேண்டா. அடிக்கடி எடுத்துக் காலியாக்குவதே பாலைச் சுரக்கச் செய்வது. ஆனால் வெறும் வயிற்றோடு நெடுநாள் அது நடவாது.

விரதத்தை விட்டுவிடச் சொல்லலாமா? சோடச பாவனையுள் தியாகமும் தவமும் ஆற்றலுக்கு ஏற்ப என்றே கூறப்பட்டிருக்கின்றன. ஆற்றலை மீறி நோற்பது அங்கே புகழப்படவில்லை. நோயுற்ற காலத்தில் நீரும் மருந்தும் விலக்கு என்று வைத்துக்கொள்வோர் நம்மிடையே உண்டு; பேறுகாலத் தாய்க்கு அவ்விலக்கு இன்னும் பொருந்தும். குருவிடம் சொல்லி, பாலூட்டும் காலம் முடியும் வரை விரதத்தைத் தளர்த்திக்கொண்டால் அவளை எவரும் குறைகூறலாகாது. தளர்த்தாமல் நோற்க அவள் விரும்பினால், அவ்விரதத்தைக் காக்கும் கடமை அவளோடு வீட்டார் அனைவருக்கும் வந்துவிடுகிறது. இதை நாம் மறந்துவிடுகிறோம். மருமகளின் விரதத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். மாலை ஐந்து மணிக்கு அவள் எங்கே, என்ன உண்டாள் என்று கேட்பதில்லை. தனக்குப் பால் போதாத நாளில், தானப்பால் பெறலாம் என்று அவளுக்கு எடுத்துரைப்பாரும் இல்லை. மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். நம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் அத்தகைய வங்கி உண்டு. தாய்மார் கொடுத்த பாலை 62.5 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துத் தூய்மை செய்து, தேவைப்படும் குழந்தைக்குத் தருகின்றனர். ஆகார தானம், ஔஷத தானம், அபய தானம் என்று நாம் வேறு வேறாக எண்ணுவன ஒரு சிறு புட்டியில் ஒன்றாகிவிடுகின்றன; எந்த உயிரும் அதற்காக வருந்துவதில்லை. அடையாற்றிலும் தியாகராய நகரிலும் பால் மிகுந்த தாய்மார் நம்மவருள் இருப்பின், இதைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்கலாம்.

நவம்பர் இறுதியில் சென்னையில் கதிரவன் மாலை 5.40 அளவிலேயே மறைந்துவிடுகிறான், சூலையில் 6.40 வரை வெளிச்சம் உண்டு. மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து எழும்பூருக்கு ஐந்து கிலோ மீட்டர் அளவு தொலைவுதான் என்றாலும், மாலை நெரிசலில் முக்கால் மணி ஆகிவிடும். குளிர்காலத்தில் டிபன் கேரியர் நான்கு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான், தாய் கை கழுவி, அமைதியாக அமர்ந்து, வெளிச்சத்தில் உண்ண முடியும். மூன்றரைக்குள் சோறு வெந்திருக்க வேண்டும். அந்த வீட்டுப் பாட்டியார் பிற்பகல் உறக்கத்தை விட்டு எழுந்து அடுப்பை மூட்டுவாராயின், மருமகளின் இரவுண்ணாமையில் பாதி அவருடையது.